நாலாவது மாடிக்கு ஏறிய பல்லவி

பாடகியின் விரல்கள் கிட்டார் கம்பியை முறுக்கின, தளர்த்தின, மறுபடி முறுக்கின. கம்பியில் குறையில்லை. பாட்டின் பல்லவியில் பாதியிலேயே அவளுக்கு மூச்சு தீர்ந்துபோனதுதான் குறை.

அவளுடைய முதல் ஆல்பம். மாலைக்குள் இந்தப் பாட்டு வராவிட்டால், முதல் பாட்டை வேறொருவரிடம் வாங்கிப் போட்டுவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் எழுதாத வரிகள், அவள் குரலில்.

ஒலிப்பதிவாளர் வழி சொன்னார். துண்டு துண்டாகப் பாடினால் போதும், ஒட்டிக்கொள்ளலாம்.

"மேடையில யாரு சார் ஒட்டுவா?" என்றாள்.

அண்ணனோடு தண்ணீர் கேன் சுமந்தவள் அவள். லிப்ட் இல்லாத வீடுகளில் தோளில் கேனோடு முணுமுணுத்தே மெட்டுகள் கட்டினாள். கடைத்திறப்பு விழாக்களில் அவற்றைப் பாடியபோது, கூட்டம் முதல் தடவையிலேயே கூடப் பாடியது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. இந்தப் பாட்டைத்தான் முதன்முதலாக நாற்காலியில் சாய்ந்து எழுதினாள்.

அப்போது அண்ணன் கீழேயிருந்து போன் செய்தான். நாலாவது மாடி ஸ்டுடியோவுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறான், லிப்ட் ஓடவில்லை, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. பெரிய பாடகி இருக்கிற இடத்துக்குத் தண்ணிகூட ஏறமாட்டேங்குது என்று குத்தினான்.

அவள் இறங்கிப்போய் கேனைத் தோளில் ஏற்றினாள். பழக்கதோஷம், வாய் தானாக அந்தப் பல்லவியைப் பாட ஆரம்பித்தது. படி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். பாட்டின் அடியும் அங்கேயே முடிந்தது. அதற்குமேல் நீண்ட சொற்களை அங்கேயே உதறினாள். அடுத்த திருப்பத்திலும் அப்படியே. அப்போதுதான் புரிந்தது. அவளுடைய பழைய பாட்டுகளின் அடியெல்லாம் இப்படியொரு படிவரிசையின் நீளந்தான்!

பின்னால் நொண்டி வந்த அண்ணன், "என்னடி, பாட்டு கட்டுறியா, மூச்சு வாங்குறியா?" என்றான்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

மூன்றாவது மாடியில் அவனும் பல்லவியை முனகிக்கொண்டிருந்தான்.

கேனை இறக்கிவைக்க ஒலிப்பதிவாளர் ஓடிவந்தார்.

"தொடாதீங்க சார். மைக்கைப் போடுங்க."

தோளில் கேனோடு பல்லவியை ஒரே ஓட்டமாக, ஒட்டுப்போடாமல் பாடினாள். தண்ணீர் லேசாகத் தளும்பிய சத்தமும் பதிவாயிற்று. அதை அழிக்க வேண்டாம் என்றாள்.

கதவருகே மேனேஜர் நின்றிருந்தார். அவர் கால் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாடகி கேனை இறக்கி அவர் கைகளில் வைத்தாள்.

"முதல் பாட்டு வந்துடுச்சு சார். தண்ணி தீர்ந்ததும் காலி கேனை மட்டும் அண்ணன்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க."