துப்பாக்கி விளையாட்டும் பதினோரு ஊசியும்

எங்கள் பனியன் கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடிப் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. குழந்தைகள் போடும் துணியில் ஊசி முனை போய்விடக் கூடாதே. லைன் சூப்பர்வைசர் என்ற முறையில் அந்த ரிஜிஸ்டர் என் பொறுப்பு.

ஒரே வாரத்தில் ஓவர்லாக் டெய்லர் சுகந்தியின் பெயரில் பதினோரு ஊசி. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிய கையோடு அவள் போனில் துப்பாக்கி விளையாட்டில் இறங்கிவிடுவாள். அது மூளையைக் கெடுக்கும் என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"ஏனுங்கம்மா, இன்னிக்கு ஊசிய உடைக்கறவ நாளைக்கு மண்டைய உடைப்பா. சனிக்கிழமையோட நிறுத்தீருங்க" என்றார். சொல்லிக்கொண்டே ரிஜிஸ்டரை வீசியதில் மேஜையிலிருந்த டீ கொட்டியது. அவர் எந்த விளையாட்டும் ஆடி நான் பார்த்ததில்லை.

நியாயமாக விசாரிப்போம் என்று அந்த விளையாட்டை என் போனில் ஏற்றி மூன்று நாள் ஆடினேன். யாரையும் அடிக்கத் தோன்றவில்லை. ஆனால் நடுவில் கூப்பிட்ட வீட்டுக்காரரிடம் வள்ளென்று விழுந்தேன். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"அதுல செத்தா மறுக்கா எந்திரிச்சு வந்தரலாமுங்க்கா. வேலை போனா அப்படி வர முடியுங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்று உடைந்த ஊசியின் துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தாள்.

உடைந்தது எந்த நம்பரோ அதே நம்பரில் புது ஊசி கொடுப்பது வழக்கம். எடுக்கப் போனேன். உடைந்த துண்டில் பொறித்திருந்தது நம்பர் ஒன்பது. அது மெல்லிய டி-ஷர்ட்டுக்கான ஊசி. தடித்த ஃப்ளீஸ் துணி வந்த அன்று எல்லா மெஷினுக்கும் கனத்த பதினாலாம் நம்பர் ஊசி மாட்டினேன். லீவில் இருந்த சுகந்தியின் மெஷினை மட்டும் மறந்துவிட்டேன். அதன்பிறகு உடைய உடைய அதே ஒன்பதைக் கொடுத்து, துண்டுகளை அக்கறையாக ஒட்டியும் வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் போய், "ஊசிய உடைச்சது நானுங்க" என்றேன். நான் வாங்கிய திட்டு, மெஷின் சத்தத்தையும் மீறி பேக்கிங் செக்‌ஷன் வரை கேட்டதாம். சுகந்தி திங்கட்கிழமையும் வேலைக்கு வந்தாள்.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆளின் மூளையைச் சோதிக்கும் முன் ஊசியின் நம்பரைப் பாருங்கள். அந்த ரிஜிஸ்டரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. சுகந்தியின் பக்கத்தில் அந்தக் கட்டங்கள் அனைத்திலும் என் பெயரை நானே எழுதினேன்.