தொட்டி வைக்கப் போட்ட தரை

எண்பதாம் வருடத்தை ஒட்டிய காலம். கே.கே. நகரில் கல்யாணமாகாதவனுக்கு ரூம் கிடைப்பது அரசாங்க வேலை கிடைப்பதைவிடக் கஷ்டம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது, ரூம்தான் கிடைக்கவில்லை. ஏழெட்டு வீட்டுப் படி ஏறி இறங்கிய பிறகு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் மாடி அறையைக் காட்டினார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். எழுமலைப் பக்கம் விவசாயம் என்றேன். உடனே உள்ளேயிருந்து அவர் மனைவி வந்துவிட்டார்.

"விவசாயக் குடும்பமா? அப்பத் தம்பிக்கு மண்ணு வேலையெல்லாம் அத்துபடியா இருக்குமே!"

நான் மறுக்கவில்லை. ரூம் கிடைத்தது.

அந்த அம்மா இருபத்திரண்டு பூந்தொட்டிகளை வீட்டின் பின்சுவரை ஒட்டி வரிசையாக வைத்திருந்தார். ஊற்றும் தண்ணீரெல்லாம் சுவருக்குள் இறங்கி, உள்ளே தலைமையாசிரியர் சாரின் சாய்வு நாற்காலிக்குப் பின்னால் சுண்ணாம்பு அப்பளம் மாதிரிப் பொரிந்து உதிர்ந்தது. கொல்லையின் மறுபக்கம் தொட்டி வைக்க ஒரு தரை போட வேண்டும். போட வேண்டியவன் நான்.

"சித்திரை பொறக்குறதுக்குள்ள தொட்டி அங்கிட்டுப் போயிருக்கணும்," என்றார் சார். "இல்லாட்டி நீங்க போயிருக்கணும்."

உண்மை என்னவென்றால், மண்வேலை எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். "மம்பட்டியத் தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்பது அப்பாவின் சட்டம். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் விலக்கு. சோளம் அடிக்கக் களம் போடும்போது பள்ளிக்கூடம் லீவாக இருக்கும். செதுக்குவது, தண்ணீர் தெளித்து இடிப்பது, சாணி கரைத்து மெழுகுவது எல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே தெரிந்ததைச் செய்தேன்.

தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டையை இரவல் வாங்கி, நான்கு நாள் காலையில் ஆபீஸ் போகுமுன் தரையை இடித்தேன். தண்ணீர் ஓட ஒரு பக்கம் லேசாகச் சரிவு வைத்தேன். சாணிக்குப் பால்காரரின் மாடுகளுக்குப் பின்னால் வாளியோடு நடந்தேன்.

"என்ன சார், பேண்ட் போட்டுக்கிட்டுச் சாணி அள்ளுறீக? ஆபீஸ்ல பைல் தீந்துபோச்சா?" என்றார் அவர்.

மெழுகிக் காய்ந்ததும் தரை பலகை மாதிரி வந்தது. ஒரு வெடிப்பு இல்லை. வீட்டுக்கார அம்மா குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "தம்பி, இதுல சோத்தப் போட்டுத் திங்கலாம் போலருக்கே!" என்றார். அந்தப் பாராட்டில் இருந்த ஆபத்து எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது தரை முழுக்க மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் எதிர்வீட்டு அம்மாவின் கூழ்வடகம் வேட்டியோடு வந்து படுத்தது. வார முடிவில் மோர்மிளகாய், புளி, யார் வீட்டதென்று தெரியாத கொத்தவரங்காய். தொட்டிகள் சுவரோரத்திலேயே நின்றன.

"அம்மா, தொட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"இம்புட்டு நல்ல தரையில தொட்டிய வைக்க எவளுக்குத் தம்பி மனசு வரும்?"

சாரிடம் போனேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "அது அவ பாடு. இது என் சொவரு. இன்னும் ஒம்பது நாள் இருக்கு," என்றார். மனைவியிடம் பேச வேண்டியதையெல்லாம் அவர் வாடகைக்காரனிடம்தான் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை துணிந்து ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். எதிர்வீட்டு அம்மா, "ஏந்தம்பி, தொட்டித் தண்ணி வடிஞ்சு என் வடகம் சொதசொதன்னு போச்சே, இதென்ன நியாயம்?" என்று சண்டைக்கு வந்தார். சாயங்காலம் தொட்டி பழைய இடத்தில் இருந்தது. புதுத் தரையில் அது பதிந்த வட்டத் தடத்தை வீட்டுக்கார அம்மா தன் கையாலேயே மெழுகி மறைத்திருந்தார்.

அப்போதுதான் புத்தி வந்தது. நான் போட்டது தொட்டிக்கான தரையே அல்ல, களம். களத்தைக் கண்டால் பெண்கள் எதையாவது காயப்போடத்தான் செய்வார்கள். எனவே கொல்லையில் இருந்த கிணற்றுப் பக்கம் இரண்டாவதாக ஒன்று போட்டேன், எல்லாவற்றையும் தலைகீழாக. உடைந்த செங்கல்லைப் பரப்பி, மேலே சரளையைக் கொட்டி, மணலைத் தூவினேன். மட்டம் பார்த்தேனே தவிர மெழுகவில்லை. முடித்ததும் ஒரு கை மிளகாயை அதில் இறைத்துவிட்டுப் பொறுக்கிப் பார்த்தேன். பாதி சரளை இடுக்கில் போய்விட்டது. மனசு நிறைந்தது.

வீட்டுக்கார அம்மா பார்த்து முகம் சுளித்தார். "என்ன தம்பி இது, இம்புட்டுக் கரடுமுரடா! மொதத் தரை எம்புட்டு அழகு!"

"இது தொட்டிக்குத்தாம்மா."

"அதானே பாத்தேன். தொட்டிக்கு இது போதும்."

பங்குனி கடைசி நாளில் இருபத்திரண்டு தொட்டியும் இடம் மாறின. சார் எழுந்து வந்து, சாய்வு நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஈரம் இருக்கு," என்றார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "காயட்டும். அதுவரைக்கும் இருங்க. ஆமா, அந்த மொதத் தரை ஓரத்துல வெடிச்சிருக்காம். அம்மா ஒங்கள மெழுகச் சொன்னா," என்றார்.

வாளியை எடுத்துக்கொண்டு பால்காரரைத் தேடிப் போனேன்.