பவானி கொண்டுபோன மல்லித்தூள்

தேனியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பவானி பதினேழு வருடமாக உதவியாளராக இருக்கிறாள். டாக்டர் பல்லைப் பார்ப்பார். மற்ற அசிங்கத்தையெல்லாம் பார்ப்பது பவானிதான். கிண்ணியைக் கழுவுவதும், துப்பியதைத் துடைப்பதும் அவள் வேலை. உதட்டுக்குள் ஒதுக்கிய போயிலையோடு அப்படியே நாற்காலியில் வந்து சாய்கிறவர்கள் உண்டு. கறுத்து ஊறிய அந்த உருண்டையைப் பஞ்சால் வழித்து எடுத்த நாளில் அவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது. “போகப்போகப் பழகிரும்னு சொன்னாக. எனக்குப் பழகல” என்பாள்.

அவளுக்கு நாலு வயது இளையவன் தம்பி பாண்டீஸ்வரன். மயிலாடும்பாறையிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், இப்போது சூப்பர்வைசர். மனைவி சிம்ரனும் கைப்பிள்ளையும் அங்கேதான். போனில் பேசும்போதெல்லாம் அந்த ஊரின் சுத்தத்தைச் சொல்லி மாளாது அவனுக்கு.

“இங்கன ரோட்டுல துப்புனா அபராதம்க்கா. வெளியூர்லருந்து வர்றவன் ஒத்த சிகரெட்டு கொண்டாந்தாலும் தானாச் சொல்லி வரி கட்டணும். வாயில போடுற போயிலையக் கொண்டாரவே கூடாது. வரி கட்டுறேன்னாலும் விடமாட்டான்.”

பவானிக்கு அதைக் கேட்கவே குளுமையாக இருக்கும். அப்படியும் ஓர் ஊர் இருக்கிறதா என்று நினைத்துக்கொள்வாள்.

போன தை மாதம் அவன் அவளுக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பினான். பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றான். கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலைகூட வராதவள் அவள். டிக்கெட்டை வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரிடமும் காட்டினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், தம்பியின் கூட்டாளி நாகராஜ் ஆண்டிபட்டியிலிருந்து வந்தான். அங்கே மாவு மில் வைத்திருப்பவன். ஆறு பெரிய பொட்டலங்களை வைத்தான்.

“மல்லித்தூளும் மசாலாத்தூளும்க்கா. அங்கன இருக்கிற நம்ம பயலுகளுக்கு.”

“இம்புட்டா?”

“பாண்டிதான் சொன்னான். காத்துப் போகாம ஒட்டியிருக்கேன், பிரிச்சிராதீக.”

அவள் பிரிக்கவில்லை.

மதுரையில் ஏறி சிங்கப்பூரில் இறங்கினாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு, வரி கட்ட ஒன்றும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தாள். கடைசியில் நின்றிருந்த பெண் அதிகாரி கை காட்டி நிறுத்தினாள். பெட்டியை எக்ஸ்ரே மிஷினுக்குள் விட்டார்கள். அதிகாரி தமிழ்ப் பெண்தான்.

“இந்தப் பெட்டியை நீங்கதான் அடுக்கினீங்களா?”

“ஆமா. மல்லித்தூளு, ஊர்ல அரைச்சது.”

அதிகாரி ஒரு பொட்டலத்தைக் கத்தரித்தாள். மேலே ஒரு விரற்கடைக்கு மல்லித்தூள். அதற்குக் கீழே பாலித்தீனில் சுற்றி, சின்னச் சின்ன போயிலை பாக்கெட்டுகள். ஆறு பொட்டலமும் அப்படியே. மேசை நிறைந்தது. ஒன்று பிய்ந்து சிதறியது. மல்லி வாசத்தைத் தள்ளிக்கொண்டு அந்த நெடி ஏறியதும் பவானிக்குக் குமட்டியது. பதினேழு வருடமாகப் பிறத்தியார் வாயிலிருந்து வழித்துப் போட்டதை ஒரு பெட்டி நிறையச் சுமந்து கடல் தாண்டி வந்திருக்கிறாள்.

“எனக்குத் தெரியாதும்மா.”

“பெட்டி உங்க பேர்ல வந்திருக்கு. உள்ளே இருக்கறதுக்கு நீங்கதான் பொறுப்பு. இது யாருக்கு?”

தம்பியின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் வேலை போகும், விசா போகும். சிம்ரனும் பிள்ளையும் பெட்டியோடு மயிலாடும்பாறைக்கு வந்து நிற்பார்கள்.

“எனக்குத்தான்” என்றாள்.

“நீங்க போடுவீங்களா?”

“ஆமா.”

அதிகாரி நிமிர்ந்து அவள் பல்லைப் பார்த்தாள். கறை என்று ஒரு பொட்டுகூட இல்லாத பல். பிறகு எழுதத் தொடங்கினாள். அதிகாரி காட்டிய இடத்தில் பவானி கையெழுத்துப் போட்டு அபராதம் கட்டினாள். போயிலை பூராவும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

வெளியே பாண்டீஸ்வரன் ஓடி வந்தான். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் பார்த்தான்.

“எல்லாத்தையுமா எடுத்துட்டாக? ஒண்ணு ரெண்டுகூடத் தப்பலையா?”

“ஏலே, என்னைய என்ன நெனச்ச?”

“நீ சிரிச்சுக்கிட்டே வந்திருந்தா விட்டிருப்பாகக்கா. இங்க ஒரு பாக்கெட்டு என்ன விலை போகுது தெரியுமா? பின்ன டிக்கெட்டு சும்மாவா எடுத்தேன்?”

சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

அவன் வீடு பளிங்கு மாதிரி இருந்தது. செருப்பை வெளியே விடவேண்டும்; கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கவேண்டும் என்றாள் சிம்ரன். அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் பவானிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தாள். டிக்கெட்டை மாற்றச் சொல்லி மூன்றாம் நாளே ஊர் திரும்பினாள்.

வந்ததும் ஆண்டிபட்டி மில்லுக்குப் போனாள். அரைக்க நின்ற பொம்பளைகள் முன்னால், மல்லித்தூளுக்குள் நாகராஜ் என்ன வைத்துக் கட்டினான் என்பதைச் சத்தம் போடாமல் சொன்னாள். அவன் மிஷினை நிறுத்தவில்லை. காது கேட்காதவன்போல் மாவை அள்ளிக்கொண்டிருந்தான்.

தம்பி போன் பண்ணினால் அவள் எடுப்பதில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தவன் வாசலில் நின்று கூப்பிட்டான். கணவன் சின்னச்சாமிதான் போய்ப் பேசி அனுப்பினான். உள்ளே வந்து, “கூடப் பொறந்தவன். எம்புட்டு நாளைக்கு?” என்றான்.

அதுவரை அவனிடம்கூடச் சொல்லாத ஒன்றை அப்போதுதான் பவானி சொன்னாள்: அந்த அதிகாரி கேட்டதையும், தான் போயிலை போடுகிறவள் என்று ஒப்புக்கொண்டதையும்.

“அவனக் காப்பாத்தத்தான சொன்ன?”

“ஆமா. இந்த மாதிரி ஒருத்தனுக்காக வாயத் தொறந்து அதச் சொன்னேனே” என்றாள் அவள். “அவன் மூஞ்சியப் பாத்தா அந்தச் சொல்லுதான் குமட்டிக்கிட்டு மேல வருது.”