கைப்பிடியில் தொங்கும் நடராஜர்

ஊரிலிருக்கும் நண்பர்கள் உங்கள் நாலு பேருக்கும் கார்பன் தாள் வைத்து இதே கடிதத்தை எழுதுகிறேன். கோபிக்காதீர்கள்.

இன்று ஞாயிறு. மாதுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. சும்மா பம்பாய்க் கோட்டைப் பக்கம் போனேன். ஒரு ஹாலில் புதுப்பாணி ஓவியக் கண்காட்சி. வாசலிலிருந்தே நடராஜர் தெரிந்தார். என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

உள்ளே எல்லார் காலிலும் பூட்ஸ்.

கிட்டே போய்ப் பார்த்தால் நடராஜர் லோக்கல் டிரெயினில் நிற்கிறார். நாலு கையாலும் நாலு கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். தூக்கிய காலைக் கீழே வைக்க இடமில்லை. சுற்றிலும் அத்தனை ஜனம். ஒருத்தர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வரைந்த மராட்டிக்காரர் என் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தார். "மதராஸியா? படம் எப்படி?" என்று இந்தியில் கேட்டார்.

"எட்டு இருபது லோக்கலில் தினமும் இவர் பக்கத்தில்தான் நிற்கிறேன்" என்றேன், என் அரைகுறை இந்தியில்.

உடனே எனக்கும் ஒரு சாயா சொன்னார். பம்பாய்க்கு வந்த இந்த ஆறு மாதத்தில், ஆபீஸ் விஷயம் தவிர வேறொன்றை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நடராஜர் கடிதம் போடாததற்குக் காரணம் இருக்கிறது, நாலு கையும் காலியில்லை. உங்களுக்கு என்ன?