ஆடு மேய்ந்த சாட்சி

என் வீட்டுக் குளியலறையில் சோப்பு வைக்கும் தட்டு ஒரு மட்டி ஓடு. பழவேற்காடு ஏரியின் சேற்றுக்கடியில் எத்தனையோ தலைமுறையாகக் கிடந்தது. அதை என் கையில் வைத்தவர், எழுபதுகளில் மெட்ராசிலிருந்து வந்த காலேஜ் அம்மா. அவருக்குப் படகு தள்ளியவன், மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத நான்.

"கோடு பாருங்க. கடல்தண்ணி நல்லா உள்ள வந்த வருஷம் மட்டி நல்லா வளர்ந்து அகலமா போட்டிருக்கு. முகத்துவாரம் அடைச்ச வருஷம் நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கு."

"எனக்கு ஆனா ஆவன்னாவே வராதும்மா. என்னாண்ட போயி மட்டி எய்துனத படிக்கச் சொல்றியே!"

சிரித்தார். எங்களுக்கோ அது வயிற்றுப்பாடு. முகத்துவாரத்தை மணல் மூடி, இறால் வரத்து நின்றுபோயிருந்தது. வெட்டித் திறந்துவிடுங்கள் என்று மனு கொடுத்தால், "ஏரி என்னைக்கும் இப்படித்தான். இல்லேன்னு சாட்சி இருக்கா?" என்றார் அதிகாரி. அந்தச் சாட்சியைத்தான் கோடை முழுக்கத் தோண்டினோம். பழங்காலத்து அடிச்சேற்று ஓடு தனி, இப்போதைய மேல்சேற்று ஓடு தனி என்று அம்மா கரையில் குவித்து வைத்தார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். குவியலில் பச்சைத் தழையோடு கொம்பு நட்டிருந்தால் அதற்கு ஆள் உண்டு. மொட்டைக் கொம்பு என்றால் உடையவன் வேண்டாமென்று விட்டுப்போனது. ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய்க்காரர் அள்ளிக்கொள்ளலாம். ஒவ்வொரு குவியலுக்கும் தழையோடு பூவரசங்கொம்பு நட்டுவிட்டு, கலெக்டர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகேறினேன். கடைசி நடை முடித்துக் கரையேறியபோது குவியல்கள் இல்லை. காளவாய் எரிந்துகொண்டிருந்தது.

"கொம்பு நட்டிருந்தது கண்ணுக்குத் தெரியலியா?"

"தெர்ஞ்சுது நைனா. மொட்டக் கொம்பு. வேணாம்னு வுட்டுட்டுதான போய்க்கினே இருந்தீங்கோ?" என்றார் காளவாய்க்காரர்.

"தழைய உன் ஆடுதான்யா துன்னுச்சு!"

"அத்த ஆட்டாண்ட கேளு."

அம்மா அழவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "மறுக்கா தோண்டலாம்மா" என்றேன். "ஏரி இருக்கு. காலேஜ்ல எனக்கு இன்னொரு வருஷம் தரமாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஊரார் மறுபடி ஆபீசுக்குப் போனோம். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, எங்கள் காளவாய்ச் சுண்ணாம்பு. சாட்சி எங்கே என்று அதிகாரி கேட்டார்.

"சார், உங்க முதுகுக்குப் பின்னால செவுத்துல கீது."

அதிகாரி சிரித்தார். என் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கோமாளி வேலை பார்த்தவன் ஒரே ஒரு நாள் உண்மை பேசினால் இதுதான் கூலி.

முகத்துவாரம் திறக்கவில்லை. வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலை வாசலில் வாட்ச்மேனாக நின்றேன். ஆலையை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டேன்.

இன்றும் சோப்பை எடுக்கும்போது கட்டைவிரல் அந்தக் கோடுகளைத் தடவும். அகலமான கோடுகள். நான் படிக்கக் கற்ற எழுத்து அது ஒன்றுதான். குழாயைத் திறந்தால் செந்துருத் தண்ணீர் வருகிறது. தினமும் ஓட்டின் மேல் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது.