உள் துளையில் மாட்டிய பெடல்

முழங்கைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் ஒற்றைச் சக்கர சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தை அடக்க வேண்டும். அதற்குப் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் நீளமாக இருக்க வேண்டும். என் கிராங்கில் பெடல் மாட்ட இரண்டு துளைகள் உண்டு: உள் துளையில் மாட்டினால் நீளம் குறையும், வெளித் துளையில் கூடும். ஜவ்வாது மலைக்காக யோசித்துத்தான் வெளித் துளையில் மாட்டியிருந்தேன். சமதளத்தில் மெதுவாகத்தான் போகும். போகட்டுமே!

கியர் சைக்கிளில் வந்த அண்ணன் அடிக்கடி எனக்காக நிற்க வேண்டியிருந்தது. ஜமுனாமரத்தூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோது பெடல் லேசாகச் சுற்றியது. டீ தந்த தெம்பு என்று நினைத்தேன், முட்டாள் மாதிரி.

முதல் இறக்கத்திலேயே சக்கரம் காலுக்கு அடங்கவில்லை. சரளையில் விழுந்து முழங்கை கிழிந்தது. எழுந்து பார்த்தால், இரண்டு பெடலும் உள் துளையில்!

"நீ கை கழுவப் போனப்போ நான்தான் மாத்தினேன். ரொம்ப ஸ்லோவா வர்ற. உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?" என்றான் அண்ணன்.

'பரவாயில்லண்ணா' என்று வாய் வரை வந்துவிட்டது. என் படிப்பை அவன் முடிவு செய்தபோதும் அதைத்தான் சொன்னேன்.

பக்கத்துச் சாமைக் கொல்லையிலிருந்து தண்ணீரோடு ஓடிவந்த ஓர் அக்கா அவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா நீ? ஓட்றது அந்தப் பொண்ணு காலு. அதுகிட்ட ஒரு வார்த்த கேக்க வாணாமா?"

முன்பின் தெரியாதவருக்கு வந்த கோபம், எனக்கு அப்புறம்தான் வந்தது.

"ஸ்பேனரைக் குடு" என்றேன். ரத்தக் கையோடு நானே பெடலை மாற்றினேன்.

ஸ்பேனரை இன்னும் திருப்பித் தரவில்லை. யாராவது 'உன் நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பித்தால், என் கை முதலில் அதைத்தான் தேடுகிறது.