எருமை குடித்த கம்பங்கூழ்

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே, இனிக் காலையில் கம்பங்கூழ்தான் என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். அவளுக்குத் திருச்சுழியில் வேலை. கூழைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு ஏழரை மணி பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் பத்து மணிக்குக் கடை திறந்தால் போதும். அருப்புக்கோட்டையில் இத்தனை இடமிருக்க, என் கடைக்கு எதிரிலேயே பூரி போடும் ஓட்டல் இருந்தது என் குற்றமா? காலைச் சாப்பாடு அங்கேயே ஆயிற்று.

ஆனால் கூழை என்ன செய்வது? முதல் நாள் சிங்க்கில் கொட்டினேன். குழாய் அடைத்துக்கொண்டது. கம்பியை விட்டுக் குத்தி, முழங்கை வரை நனைந்து, அரை நாள் போயிற்று. அப்போதுதான் பின்கட்டில் இருந்த பழைய பெயிண்ட் வாளி கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு அக்கா எருமை வைத்திருந்தார். அரிசி கழுவின தண்ணீர், காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாம் அந்தக் கழனி வாளியில் சேரும். சாயங்காலம் வந்து எடுத்துப்போவார். முள், எலும்பு கூடாது, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. கூழ் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

தடயம் தெரியக்கூடாதென்று காலைப் பாத்திரங்களை நானே கழுவ ஆரம்பித்தேன். தெருவில் என் பெயர் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. "அவுகளப் பாருங்க, பாத்திரமெல்லாம் வெளக்குறாக" என்று மற்ற வீட்டு ஆண்களுக்கு வசவு விழுந்தது. எனக்குக் கூச்சமே இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அவள் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். சர்க்கரை இறங்க மறுத்தது. கம்புதான் சரியில்லை என்று அவள் பாலவனத்தத்திலிருந்து புதுக் கம்பு வாங்கி வந்தாள். அதுவும் வாளிக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா சொம்பு நிறையப் பாலோடு வந்தார். "ஒங்க வீட்டுக் கழனி குடிச்சதுலருந்து எருமை அரை லிட்டரு கூடக் கறக்குது தங்கச்சி. இம்புட்டுக் கம்பங்கூழ யாரு மாட்டுக்கு ஊத்துவா? ஒனக்குப் பெரிய மனசு."

மனைவி பாலை வாங்கி வைத்தாள். நான் ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"எருமைக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாலரை மணிக்கு எந்திரிச்சிருக்க மாட்டேன்ல" என்றாள். "கட்டி கட்டியா இருந்தாலும் அது குடிச்சிருக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் நாலரைக்கு நான் எழுந்து கூழ் காய்ச்சினேன். கட்டி தட்டி, அடி பிடித்து, ஒரு தினுசாக வந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.